காத்து வர வழி இருக்கு, போக வழி?

ஜன்னல்ங்கறது தமிழ் வார்த்தை இல்லைன்னு உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். போர்ச்சுக்கீசியர் கப்பல்ல வந்து இறங்கின 'ஜனேலா' தான் நம்ம வாயில ஜன்னல் ஆயிடுச்சு. சாவி, மேஜை, அலமாரி எல்லாம் அதே கப்பல் சரக்கு. அதுக்கு முன்னாடி நாம என்ன சொல்லிட்டு இருந்தோம்? சாளரம்னு ஒண்ணு. சிலப்பதிகாரத்துல இன்னொண்ணும் வருது: காலதர். கால் அப்படின்னா காற்று, அதர் அப்படின்னா வழி. காற்றோட வழி. புகார் நகரத்து மாளிகைகள்ல மானோட கண் மாதிரி வடிவத்துல காலதர் வச்சிருந்தாங்கன்னு இளங்கோவடிகள் சொல்றார்.

ஜன்னலை விட இந்த வார்த்தை எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ஏன்னா வழின்னு சொன்னா அதுக்கு ரெண்டு முனை வேணும். ஒரு முனை அடைச்சிருந்தா அதுக்குப் பேரு முட்டுச்சந்து. இன்னைக்கு நாம கட்டுற வீடுகள்ல முக்கால்வாசி காற்றுக்கு முட்டுச்சந்து தானுங்க. உள்ளே வர ஜன்னல் வைக்கிறோம், சூடான காத்து வெளியே போக ஒண்ணும் வைக்கிறது இல்லை. அப்புறம் பங்குனி, சித்திரையில ராத்திரி பதினோரு மணிக்கு, வெளியே ஜிலுஜிலுன்னு இருக்கு, உள்ளே ஏன் வேகுதுன்னு கேட்டுட்டு இருக்கோம்.

இதுக்கு அமெரிக்காக்காரன் வச்சிருக்கிற ஒரு சாமானுக்குப் பேரு 'ஹோல் ஹவுஸ் ஃபேன்'. முழு வீட்டுக்கும் ஒரே ஃபேன். வீட்டு நடுக்கூடத்து மச்சுல ஒரு பெரிய ஓட்டை போட்டு, காற்றை மேல்நோக்கி இழுக்கிற மாதிரி ஒரு ஃபேனை மாட்டிடுவாங்க. சாயந்திரம் வெளியே குளிர ஆரம்பிச்சதும் எல்லா ஜன்னலையும் திறந்து விட்டு ஃபேனைப் போட்டா, வெளிக்குளிர் எல்லா ரூம் வழியாவும் உள்ளே வந்து, சூட்டை அள்ளிக்கிட்டு கூரை வழியா வெளியே போயிடும். அமெரிக்காவோட தென் மாநிலங்கள்ல ஏசி பரவுறதுக்கு முன்னாடி இது சகஜம். ஏசி வந்ததும் மறந்தாங்க, 1973 எண்ணெய் நெருக்கடிக்கு அப்புறம் மறுபடி ஞாபகம் வந்துச்சு. கலிபோர்னியாவோட 2013 கட்டட எரிசக்தி விதிகள்ல, பகல் சூடும் ராத்திரி குளிரும் இருக்கிற சில பகுதிகளோட புது வீடுகளுக்கு இதைச் சேர்த்தே விட்டாங்க.

இந்த ஃபேனோட வம்சாவளியைத் தேடிப் போனா, கதை எங்கெங்கேயோ சுத்தி கடைசியில எங்க சாமளாபுரம் தறிக்குடோன் வாசல்ல வந்து நிக்குது.

முதல் முழு வீட்டு ஃபேன்

லண்டன் பாராளுமன்றத்தோட மக்கள் சபை அந்தக் காலத்துல ஒரு பழைய தேவாலயக் கட்டடத்துல நடந்துச்சு. சின்ன இடம், நூத்துக்கணக்கான உறுப்பினர்கள், மெழுகுவத்தி வேற. உள்ளே உக்கார முடியாம தவிச்சாங்க. 1723ல நியூட்டனோட சீடர் தெசகுலியேங்கறவரைக் கூப்பிட்டு வழி கேட்டாங்க. அவர் சபைக்கு மேல இருந்த அறைகள்ல அடுப்பு மூட்டச் சொன்னார். மேல காத்து சூடாகி வெளியே போகும், கீழ இருக்கிற கெட்ட காத்தை அது இழுத்துக்கும். கணக்கு சரிதான்.

ஆனா மேல் அறைகள் அங்கே வீட்டுப் பொறுப்பு பார்த்த ஸ்மித்ங்கற அம்மா கையில இருந்துச்சு. தன்னோட இடத்துல இவர் வந்து நோண்டுறது அந்தம்மாவுக்குப் பிடிக்கலை. சபை கூடி, கீழ நல்லா சூடேறின பிறகு தான் அடுப்பைப் பத்த வைப்பாங்களாம். அதுவரைக்கும் மேல் அறைக் காத்து குளிர்ந்தே கிடக்கும், குளிர்ந்த காத்து கனம், அதனால கீழ் காத்தை மேல இழுக்கறதுக்குப் பதிலா சபைக்குள்ளேயே கொட்டும். தெசகுலியே தன்னோட எழுத்துலயே இதைப் புலம்பி வச்சிருக்கார். டெவலப்பர் எழுதுன புரோகிராமை யூசர் கவுத்துறது அப்பவே ஆரம்பிச்சாச்சு :-)

அடுப்பை நம்பிப் பிரயோஜனம் இல்லைன்னு, 1730கள்ல அவர் 7 அடி விட்டத்துல ஒரு சக்கர விசிறி செஞ்சு அதே மேல்தளத்துல வச்சார். ஒரு ஆள் கைப்பிடியைப் பிடிச்சு சுத்துவார். அந்த ஆளுக்கே 'வென்டிலேட்டர்'னு பட்டப்பேர். சபாநாயகர் சொன்னா கெட்ட காத்தை வெளியே இழுப்பார், வேணும்னா நல்ல காத்தை உள்ளே தள்ளுவார். மச்சுல உக்காந்து மொத்தக் கட்டடத்து சூட்டையும் இழுத்து வெளியே விடுற ஃபேன். முழு வீட்டு ஃபேனோட கொள்ளுத்தாத்தா இதுதான்னு தாராளமா சொல்லலாம்.

இன்னொரு சங்கதி. 1778க்கு அப்புறம் பெண்கள் சபை மாடத்துல உக்காரக் கூடாதுன்னு நிறுத்திட்டாங்க. அவங்க மேல்தளத்துக்கு ஏறி, இந்தக் காத்து போற துவாரத்தைச் சுத்தி நின்னு, கீழ நடக்குற விவாதத்தைக் கேட்டாங்க. 1834 தீயில அந்தக் கட்டடம் எரியுற வரைக்கும், கீழே இருந்து வர்ற சூட்டையும் புகையையும் முகத்துல வாங்கிட்டே அரசியல் கேட்டாங்க.

ரெண்டு வம்சம்

கவனிச்சுப் பார்த்தா காற்றை ஆள மனுஷன் கண்டுபிடிச்சதுல ரெண்டு வம்சம் இருக்கு. ஒண்ணு கிளறுற வம்சம், இன்னொண்ணு வெளியேத்துற வம்சம்.

வெள்ளைக்காரன் காலத்து பங்கா முதல் வம்சம். வெராண்டாவுல ஒரு ஆள் உக்காந்து நாள் பூரா கயிறு இழுப்பார், உள்ளே தொங்குற துணி ஆடும், இருக்கிற காத்தே திரும்பத் திரும்ப மேல படும். வேர்வை காயுறதால உடம்புக்கு சுகம். ரூம் சூடு ஒரு டிகிரி கூட குறையாது. 1880கள்ல மின்சார விசிறி வந்துச்சு. பங்கா இழுக்கிற ஆள் போய் மோட்டார் வந்ததைத் தவிர அதுவும் கிளறுற வம்சம் தான். நம்ம சீலிங் ஃபேன் இன்னும் ஒரு படி மேல. கான்கிரீட்டுக்கு அடியில தேங்கி நிக்குற சூட்டை அள்ளி நம்ம தலையில கொட்டுது.

வடக்கே வறண்ட ஊர்கள்ல 'தெர்மான்டிடோட்'னு ஒண்ணு 1830கள்லயே இருந்துச்சு. பெரிய மரப்பெட்டி, உள்ளே கையால சுத்துற விசிறி, பக்கவாட்டுல நனைச்ச வெட்டிவேர்த் தட்டி. இன்னைக்கு ஏர் கூலர்னு விக்கிறது அதோட பேரன். ஆனா ஒண்ணு, கூலரும் எதிர்ப்பக்கம் ஜன்னல் திறந்திருந்தா தான் வேலை செய்யும். இல்லைன்னா ரூம் நிறைய ஈரம் சேர்ந்து புழுங்கும். மறுபடியும் அதே பாடம்: போக வழி.

நூலுக்குப் போட்ட ஏசி

இப்ப எங்க ஊர்ப் பக்கம் வருவோம். சாமளாபுரம் நொய்யல் கரையில இருக்கிற ஊரு. பெரிய குளம் உண்டு. ஒரு பக்கம் சோமனூர், கருமத்தம்பட்டி, இன்னொரு பக்கம் பல்லடம், மங்கலம். நடுவுல எங்க பார்த்தாலும் விசைத்தறி. திருப்பூர் பனியனுக்குப் பேர் போச்சுன்னா, இந்தப் பக்கம் காடாத் துணிக்கு.

பருத்தி நூலுக்கு வறண்ட காத்து ஆகாது. ஈரம் குறைஞ்சா பாவு நூல் பட்டு பட்டுன்னு அறும். குழித்தறி போட்டவங்க தரையில குழி வெட்டி அதுல கால் விட்டு நெய்ததுக்கு ஒரு காரணம், மண்ணோட ஈரம் பாவுக்குக் கிடைக்கும்ங்கறது. விசைத்தறி வந்தப்போ குழி போச்சு, தேவை போகலை. ஜன்னலை அடைச்சு, தரையில தண்ணி தெளிச்சு ஈரத்தைப் பிடிச்சு வைப்பாங்க. ஈரம் நூலுக்கு. வேர்வை தறி ஓட்டுறவங்களுக்கு.

உலகம் முழுக்க இதே கதை தான். லங்காஷயர்ல நெசவுக் கூடத்துக்குள்ள நீராவியை விட்டு ஈரம் ஏத்தினாங்க. தொழிலாளிங்க மூச்சு முட்டிப் போராடி, 1889ல அதுக்கு வரம்பு போட்டு தனிச் சட்டமே வந்துச்சு. 1902ல கேரியர் நியூயார்க்ல முதல் நவீன ஏசி சிஸ்டத்தை வடிவமைச்சது மனுஷனுக்கு இல்லை, அச்சகத்துல காகிதம் ஈரத்துல சுருங்கி விரிஞ்சு கலர் விலகினதால. 'ஏர் கண்டிஷனிங்'ங்கற பேரை 1906ல வச்சவர் ஸ்டூவர்ட் கிரேமர், பஞ்சாலை இன்ஜினியர். நூலுக்கு ஈரம் ஏத்திப் பதப்படுத்துறதை மில்காரங்க 'கண்டிஷனிங்'னு சொல்லிட்டு இருந்தாங்க. அதே வார்த்தையை அவர் காத்துக்கு மாத்திப் போட்டார். நாம 24 டிகிரி வச்சுப் போர்த்திப் படுக்கிற ஏசியோட பேரே நூல் மில்லுல பிறந்தது!

நம்ம ஊர்ல 1888ல கோவையில ஸ்டேன்ஸ் மில் வந்துச்சு. 1932ல பைக்காரா மின்சாரம் வந்து மில்லுங்க பெருகின கதை எல்லாருக்கும் தெரியும். 1948 தொழிற்சாலைச் சட்டத்துல 13வது பிரிவு காற்றோட்டம், வெப்பம் பத்தி. 15வது பிரிவு செயற்கையா ஈரம் ஏத்துறது பத்தி. ஆக, தொழிற்சாலைக்குள்ள காத்து எப்படி இருக்கணும்னு சட்டத்துல எழுதியே வச்சாச்சு. அங்க வேலை பாக்குறவங்க ராத்திரி போய்ப் படுக்குற வீட்டுக்குள்ள?

பல்லடத்துக் கறிக்கோழிப் பண்ணைகள்ல புது மாதிரி கொட்டகை பார்த்திருப்பீங்க. நீளமான கொட்டகை, ஒரு கடைசியில நனைஞ்ச பேடு, மறு கடைசியில ஆள் உயர எக்ஸாஸ்ட் ஃபேன் வரிசையா. இந்தப் பக்கம் குளிர்ந்து நுழையுற காத்து, அந்தப் பக்கம் சூட்டோட வெளியே போகும். திருப்பூர்ல பல பனியன் கம்பெனிகள்லயும் இதே ஏற்பாடு. தெசகுலியே பார்த்தா கட்டிப் பிடிச்சுக்குவார். கோழிக்கு வந்துருச்சு, துணிக்கு வந்துருச்சு. வீடு மட்டும் பாக்கி.

வீடு எப்ப மூச்சை நிறுத்துச்சு?

பழைய வீடுகளுக்கு ஃபேன் தேவைப்படலைன்னு பெருமை பேசுற கட்டுரை இல்லை இது. ஓட்டு வீட்டுல ஒழுகும், தேள் விழும், எலி ஓடும். ஆனா அதுல போக வழி இருந்துச்சு. கொங்குப் பக்கத்துத் தொட்டிக்கட்டு வீட்டுல நடுவுல திறந்த முற்றம், சுத்தி ஆசாரமும் தாழ்வாரமும். சூடான காத்து மேல ஏறி முற்றம் வழியா போகும், ராத்திரிக் குளிர் அதே முற்றத்துல இறங்கித் தேங்கும். செட்டிநாட்டுல வாசக்கதவுல நின்னா கொல்லைக்கதவு வரைக்கும் நேர்கோடு. 1865ல மங்களூர்ல பாசல் மிஷன்காரங்க தொடங்கின ஓட்டுத் தொழிற்சாலைக்கு அப்புறம் பரவின சீமை ஓட்டுக் கூரையிலயும், ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவுல இருக்குற இடுக்கு வழியா சூடு கசிஞ்சுரும். அடுப்படிக்கு மேல தனியா புகைபோக்கி. மொத்தக் கூரையுமே ஒரு காலதர்.

அப்புறம் தார்சு வீடு வந்துச்சு. ஒழுகாது, மேல மாடி எடுக்கலாம், கல்யாணப் பேச்சுல மதிப்பு. ஆனா கான்கிரீட் வெயிலை உடனே உள்ளே விடாது, சேத்து வச்சு விடும். மதியம் விழுந்த சூடு, நாம வேலை முடிஞ்சு வீடு திரும்புற நேரத்துக்குத் தான் அடிப்பக்கம் வந்து சேரும். ஜன்னலோட மேல்மட்டம் 7 அடி, தளம் 10 அடி. அந்த நடுவுல இருக்குற 3 அடிக் காத்து சூடாகி, போக இடமில்லாம தொங்கிட்டு இருக்கும். ஆரம்பத்துல கட்டின தார்சு வீடுகள்ல இதுக்குன்னே தளத்தை ஒட்டி சின்னதா வென்டிலேட்டர் வச்சாங்க. கொசு வருது, தூசி வருதுன்னு அதையும் அடைச்சோம். ஏசி மாட்டினவங்க சிமெண்ட் போட்டே பூசிட்டாங்க.

கான்கிரீட் மேல மட்டும் பழி போடவும் முடியாது. பாண்டிச்சேரியில அரவிந்தர் ஆசிரமத்தோட 'கோல்கொண்டே' விடுதி முழுக்கக் கான்கிரீட். ஆன்டனின் ரேமண்ட், ஜார்ஜ் நகாஷிமா ரெண்டு பேரும் 1930களோட கடைசியில வேலையை ஆரம்பிச்சாங்க. ஜன்னல் கண்ணாடியே கிடையாது. சுவருக்குப் பதிலா வடக்கு, தெற்கு ரெண்டு பக்கமும் திருப்பி வைக்கிற பட்டைகள், ரூம் கதவுலயும் காத்து போக இடைவெளி, தளத்துக்கு மேல வளைஞ்ச ஓடு மாதிரி ரெண்டாவது கூரை, நடுவுல காத்து. ஏசி இல்லாமலேயே கடலோரப் புழுக்கத்தைச் சமாளிச்ச கட்டடம். ஆக குத்தம் சிமெண்ட்ல இல்லை, பிளான்ல.

நம்ம ஊருக்கு இது ஏன் சரிப்படும்?

சென்னையில மே மாசம் பகல்ல சுமார் 37, 38 டிகிரி, விடியக்காலையில கூட 27, 28. கடல் ஈரம் வேற. அங்க வெளிக்காத்தை எவ்வளவு இழுத்தாலும் பெரிய லாபம் இல்லை. கோவை, திருப்பூர்ப் பக்கம் ஏப்ரல்ல பகல் 36 பக்கம் போனாலும், விடியக்காலை 23, 24க்கு இறங்கிடும். மலை மறைவுப் பிரதேசம், காத்துல ஈரம் கம்மி. 12 டிகிரி வித்தியாசம் தினமும் ராத்திரி வாசல்ல வந்து இலவசமா நிக்குது. ஆனி, ஆடி ஆச்சுன்னா பாலக்காட்டுக் கணவாய்க் காத்து. அம்மியும் பறக்குற அந்தக் காத்தைப் பிடிச்சு கேத்தனூர்ப் பக்கம் காத்தாடி போட்டுக் கரண்ட் எடுக்கிறோம். அந்தக் கரண்டைக் கம்பி வழியா வீட்டுக்குக் கொண்டு வந்து, ஜன்னலை அடைச்சுட்டு ஏசி போட்டுக்கிறோம். சுத்தி வளைச்சு மூக்கைத் தொடுறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கணக்கு போடலாமா? 1000 சதுர அடி வீடு, 10 அடி உயரம். மொத்தக் காத்து 10000 கன அடி. நிமிஷத்துக்கு 2500 கன அடி இழுக்குற எக்ஸாஸ்ட் ஃபேன் ஒண்ணு போட்டா, 4 நிமிஷத்துல வீட்டுக் காத்து முழுசா மாறிடும். இதுக்கு சுமார் 200 வாட் போதும். ராத்திரி 10 மணி நேரம் ஓடினா 2 யூனிட். ஒன்றரை டன் ஏசி, கம்ப்ரசர் நின்னு நின்னு ஓடுறதைக் கழிச்சாலும், ஒரே ஒரு ரூமுக்கு 7, 8 யூனிட் கேக்கும்.

நம்ம வீட்டுக்கு அமெரிக்க மாதிரி கூரைப் பரண் கிடையாது. ஆனா மாடிப்படி இருக்கே. மொட்டை மாடிக்குப் போற படிக்கு மேல ஒரு அறை கட்டுறோமே, அதுதான் வீட்டோட உச்சி, இயற்கையான புகைபோக்கி. அந்த அறைச் சுவர்ல ஃபேனை மாட்டி, ரூம் கதவுகளைத் திறந்து விட்டா, எல்லா ரூம் சூடும் படி ஏறிப் போயிடும். மத்தபடி விதி ரெண்டே வரி தான்:

வெளிச்சூடு உள்ளை விடக் குறைவா? ஜன்னலைத் திற, ஃபேனைப் போடு.
இல்லையா? எல்லாத்தையும் அடை, திரையை இழுத்து விடு.

ரெண்டாவது வரியைத் தான் எல்லாரும் விட்டுடறாங்க. ராத்திரி குளிர்ந்த சுவரும் தளமும் பகல்ல உதவணும்னா, காலையில 8, 9 மணிக்குள்ள ஜன்னலை மூடணும். இன்னொண்ணு, ஜன்னலை அடைச்சுட்டு ஃபேனைப் போடவே கூடாது. காத்து எங்கிருந்தாவது வந்தாகணும், கேஸ் கீசரோட புகையைத் திருப்பி உள்ளே இழுத்துரும். அது உயிருக்கே ஆபத்து. ஜன்னலுக்குக் கொசுவலை அவசியம், வலை போட்டா காத்து கொஞ்சம் குறையும், அதனால ஜன்னல் எண்ணிக்கையைக் கூட்டணும். தறிக்குடோன் பக்கத்துல இருந்தா வலையில பஞ்சு படியும், அடிக்கடி கழுவணும். ஐப்பசி அடைமழையில இது வேலைக்கு ஆகாது.

லைன் வீடு

சொந்த வீட்டுக்காரனுக்கு இதெல்லாம் ஒரு ஞாயித்துக்கிழமை வேலை. இங்க பிரச்சினை லைன் வீட்டுல. வெளியூர்ல இருந்தும் வெளிமாநிலத்துல இருந்தும் தறிக்கும் பனியனுக்கும் வந்தவங்க இருக்குற வரிசை வீடுகள். ஒரு கதவு, ஒரு ஜன்னல், ரெண்டும் ஒரே பக்கம். பின்சுவர் அடுத்த வரிசைக்கும் பொது. மேல சிமெண்ட் அட்டை. இதுல காத்து எந்தப் பக்கம் போகும்? மேல தான் போகணும். அட்டைக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு ஜான் வலை அடிச்ச திறப்பு, இல்லை கதவுக்கு மேல ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். ஆயிரம், ரெண்டாயிரம் ரூபாய் சமாச்சாரம். ஆனா வாடகைக்கு இருக்குறவர் சுவர்ல ஆணி அடிக்கவே அனுமதி கேக்கணும், ஓட்டை எப்படிப் போடுவார்? வீட்டுக்காரருக்கோ அங்க ராத்திரி படுக்கிற அவசியமே இல்லை. 2023ல விசைத்தறிக்கு இலவச மின்சாரம் ரெண்டு மாசத்துக்கு 1000 யூனிட்டா உயர்ந்துச்சு, நல்ல விஷயம். தறி ஓட கணக்கு பார்த்த மாதிரி, தறி ஓட்டுறவர் தூங்கவும் யாராவது ஒரு கணக்கு பார்க்கணும். பகல் ஷிப்ட் முடிச்சு வந்தவர் ராத்திரி தூங்கலைன்னா மறுநாள் மிஷின்ல கை வைக்கிறது அவர் தானே.

இந்த விஷயத்துல எனக்கு இருக்குற பெரிய பயம் இதுதான். முழு வீட்டு ஃபேன் குளிரை உண்டாக்குறது இல்லை, வெளியே இருக்குற குளிரைக் கடன் வாங்குது. வெளியே ராத்திரி குளிர்ந்தா தான் கடன் கிடைக்கும். மரம் குறைஞ்சு, காலி இடமெல்லாம் கான்கிரீட் ஆகி, இந்தியா முழுக்க ராத்திரி வெப்பம் ஏறிட்டு வருது. ஏசி செய்யறதும், உள்ளே இருக்குற சூட்டோட தன்னோட சூட்டையும் சேர்த்து சந்துல தள்ளுறது தான். அந்தச் சந்துல தான் லைன் வீட்டோட ஒரே ஜன்னல் இருக்கு. ராத்திரிக் குளிர்ச்சிங்கறது எங்க ஊர்க் குளம் மாதிரி, எல்லாருக்கும் பொது. ஆளாளுக்கு அதுல கழிவைத் திறந்து விட்டா என்ன ஆகும்னு நொய்யல் கரையில இருக்கிற எங்களுக்குத் தனியா யாரும் பாடம் எடுக்க வேண்டியது இல்லை.

புது வீடு கட்டிட்டு இருக்குறவங்க, பிளான் போடுறவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: காத்து எந்த வழியா வெளியே போகும்? லைன் வீடு வாடகைக்கு விட்டிருக்கிறவங்க, ஒரு சித்திரை ராத்திரி கதவைச் சாத்திட்டு அதுக்குள்ள அரை மணி நேரம் உக்காந்து பாருங்க.

அப்புறம், கூரையை ஒட்டி சூடு போக வச்ச அந்தத் திறப்புக்கு உங்க ஊர்ல என்ன பேர் சொல்லுவாங்க? பின்னூட்டத்துல சொல்லுங்க. வார்த்தையாவது தப்பிச்சிருக்கான்னு பார்ப்போம்.